மெக்குக்கு வராத எழுத்து

1999 ஆகஸ்ட் 9, திங்கள்

ரந்தாவிலிருந்து வரும் பஸ் இன்றும் தாமதம். சிரம்பானில் இறங்கி அச்சகத்துக்குள் ஓடினால், முதலாளி சோலையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஆடி மாதம். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஈ காக்கை வராத மாதத்தில் நான் நேரத்துக்கு வந்துதான் என்ன ஆகப்போகிறது?

மத்தியானம் முதலாளி மகன் வைரவன் கோலாலம்பூரிலிருந்து ஒரு கறுப்புப் பையோடு வந்தான். உள்ளே லேப்டாப். ஆப்பிள் மெக். ஏதோ விளம்பரக் கம்பெனியில் ஓடியதை மலிவாக வாங்கி வந்திருக்கிறான்.

"இனிமே விண்டோஸ் வேணாங்க்கா. கேஎல்-ல அச்சுக்கு ஃபிலிம் எடுக்கிறவன் எல்லாம் மெக் ஃபைல்தான் கேக்குறான். நம்ம ஃபைலக் கொண்டுபோனா கலர் வேற மாதிரி வருது லா."

முதலாளி பையைத் திறக்கவே விடவில்லை. "ஆடியில புதுசு எதையும் தொடக்கூடாது. ஆவணி பொறக்கட்டும்." பையோடு தூக்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார். வைரவன் தலையில் அடித்துக்கொண்டான். கேஎல்-இல் படித்து என்ன, அப்பாவிடம் வாயைத் திறக்க முடிகிறதா?

எனக்கு அது நல்லதாகப் போயிற்று. ஆவணி வரைக்கும் என் பழைய கம்ப்யூட்டர் என்னோடுதான்.

ஆகஸ்ட் 12

வேலை இல்லை. சும்மா உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைத் திரையில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மணமகன் பெயர், மணமகள் பெயர், எல்லாம் அவர் கையெழுத்து.

இதே அச்சகத்தில் என் வீட்டுக்காரர் சன்னாசி தூரிகை பிடித்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தவர். விண்டோஸ் கம்ப்யூட்டர் வந்த வருஷம் அவரே ஆசைப்பட்டு ஒவ்வோர் எழுத்தையும் வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி, அதை ஸ்கேன் பண்ணி, ராப்பகலாக உட்கார்ந்து ஃபாண்ட் ஆக்கினார். நான் விசையைத் தட்டினால் அவர் எழுதியது போலவே விழும். "பாத்தியா பஞ்சு, நான் தூங்கிட்டிருந்தாலும் என் கை எழுதும்" என்று சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் தூரிகைக்கு வேலை போய்விட்டது. கம்ப்யூட்டர் எழுதும்போது ஆளுக்கு எதற்குச் சம்பளம்? முதலாளி வைது அனுப்பவில்லை, நல்லபடியாகத்தான் அனுப்பினார். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கடைப் போர்டு செய்யும் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

முதலில் மாதம் ஒரு முறை வந்தார். அப்புறம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும். போன தீபாவளிக்கு அதுவும் இல்லை.

சுற்றியுள்ள தோட்டத்து ஜனங்கள் இன்றைக்கும் "சன்னாசி எழுத்துல போட்டுக் குடுங்க" என்றுதான் கேட்டு வருகிறார்கள். ஆள் அங்கே, எழுத்து இங்கே. என்ன பொழப்பு இது? எழுத்தோட குடும்பம் நடத்துற பொழப்பு.

ஆகஸ்ட் 17, ஆவணி முதல் நாள்

பையைத் திறந்தாயிற்று. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி.

மவுஸுக்கு ஒரே ஒரு பொத்தான். மூடும் கட்டம் வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம் இருக்கிறது. 'ஸ்டார்ட்' இல்லை. சி டிரைவ் இல்லை. கன்ட்ரோல் விசை இருக்கும் இடத்துக்கு விரல் தானாகப் போகிறது, அங்கே ஒன்றும் நடப்பதில்லை. இந்தச் சனியனுக்குக் கடித்த ஆப்பிள் படம் போட்ட விசையை அழுத்த வேண்டுமாம். ஒரு பூவை நகர்த்த அரை நாள்.

வீட்டில் வந்து புலம்பினால் அத்தை சொல்கிறார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணன்னாளாம்." மாமியாரா கொக்கா.

ஆகஸ்ட் 20

திரை அழகாகத்தான் இருக்கிறது. சிவப்பு சிவப்பாகவே தெரிகிறது. ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

செப்டம்பர் 1, புதன்

இன்று அவர் எழுத்தை மெக்குக்குக் கொண்டுபோகலாம் என்று டிஸ்கெட்டில் ஏற்றிப் போட்டேன். டிஸ்கெட் உள்ளே போனது. திரையில் படம் வந்தது. ஃபாண்டைத் திறந்தால், இதைத் திறக்கும் புரோகிராம் இல்லை என்கிறது. வெறும் வெள்ளைத் தாள் படம். மறுபடி, மறுபடி. அதே வெள்ளைத் தாள்.

சரி, வெளியே எடுக்கலாம் என்றால் டிஸ்கெட்டைத் தள்ளப் பொத்தானும் இல்லை.

"அதக் குப்பைத் தொட்டியில இழுத்துப் போடுங்க, வெளிய வந்துரும்" என்றான் வைரவன்.

"குப்பையிலயா?"

"ஆமா. மெக்குல அப்படித்தான்."

"அழிஞ்சு போயிருச்சுன்னா?"

"அழியாதுக்கா. சும்மா போடுங்க."

என் கை போகவில்லை. மனுஷனைத்தான் தொலைத்தாயிற்று, அவர் எழுத்தையும் என் கையாலேயே குப்பையில் போடணுமா? வைரவன் என்னைத் தள்ளிவிட்டு அவனே இழுத்துப் போட்டான். டிஸ்கெட் சமர்த்தாக வெளியே நாக்கை நீட்டியது. ஒன்றும் அழியவில்லை. கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். முப்பத்தெட்டு வயதில் ஒரு டிஸ்கெட்டுக்காக அழுதேன் என்று யாரிடம் சொல்வது?

செப்டம்பர் 5, ஞாயிறு

பக்கத்து வீட்டு நீலாவதியின் குரல் லயத்து வீட்டு வரிசை முழுக்கக் கேட்டது. "பஞ்சாலக்கா, சிங்கப்பூரு!"

இந்த வரிசையில் அவள் வீட்டில்தான் போன். ஓடினேன்.

"அம்மா எப்படி இருக்கு?"

"இருக்காங்க."

"நீ?"

"இருக்கேன்."

"வேலையெல்லாம்?"

"புதுசா மெக் வந்திருக்கு. உங்க எழுத்து அதுல வரமாட்டேங்குது."

"வராட்டிப் போவுது" என்றார். அப்புறம், "அதான் எத்தனையோ ஃபாண்ட் இருக்கே லா, வேற போடு."

தீபாவளிக்கு வருவீர்களா என்று கேட்டேன். லீவு கிடைக்குமா என்று பார்க்கணுமாம். நீலாவதி பக்கத்திலேயே நின்று பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கத்தியும் நின்று நின்றுதான் நறுக்கியது. அவள் இல்லாவிட்டாலும் நான் வேறு என்ன பேசியிருப்பேன்? 'வந்துருங்க' என்று ஒரு வார்த்தை. அது மட்டும் வாயில் வருவதில்லை.

வேற போடணுமாம்.

செப்டம்பர் 10

லோரி ஓட்டும் மாயாண்டியண்ணன் மகளுக்குக் கல்யாணம். வேறு ஃபாண்டில் போட்டுக் காட்டினேன். பத்திரிகையைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, லேபர் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு. எங்க பெரியவளுக்குப் போட்ட எழுத்தப் போடு."

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பழைய விண்டோஸில் போட்டு முடித்தேன்.

செப்டம்பர் 14

வைரவனின் கேஎல் கூட்டாளி ஒருவன் ஃபாண்டை மெக்குக்கு மாற்றி அனுப்பினான். பாதிதான் வந்திருக்கிறது. சில எழுத்து அவர் எழுத்து, சில எழுத்து வெறும் கட்டம். தட்டிப் பார்த்தேன். சன்னாசி என்று முழுசாக வருகிறது. பஞ்சாலை என்றால் ப வருகிறது, சா வருகிறது, மற்றதெல்லாம் கட்டம்.

செப்டம்பர் 25, சனி

விண்டோஸ் கம்ப்யூட்டர் போய்விட்டது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு முதலாளி தானமாகக் கொடுத்துவிட்டார். மாலை, பொன்னாடை, போட்டோ. புரட்டாசியில் வேலை குறைச்சல், இப்போதே மெக்குக்குப் பழகிக்கொள் என்கிறார். அவருக்கென்ன.

விசைகளின் மேல் மை போட்டுத் தமிழ் எழுத்தை எழுதி ஒட்டியதும் என் வீட்டுக்காரர்தான். அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அக்டோபர் 2

பள்ளியில் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டு ஏற்றியிருக்கிறார்களாம். இனி அந்த டிஸ்கெட் ஒன்றுதான்.

அக்டோபர் 18, திங்கள், ஆயுத பூஜை

நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தால் பாவம்.

வழக்கம்போல எல்லாச் சாமானுக்கும் பூஜை. அச்சு இயந்திரத்துக்குச் சந்தனம், தாள் வெட்டும் கத்திக்குக் குங்குமம், வேன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். லேப்டாப்பை மூடித்தான் வைத்திருந்தோம். முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. "மூஞ்சிய மூடிக்கிட்டா பூஜை வாங்கும்? தெறந்து வை" என்றார். திறந்து வைத்தோம். தீபாராதனை முடிந்ததும் மாவிலையைச் சொம்பில் முக்கி மஞ்சள் தண்ணீரை எல்லாவற்றின் மேலும் தெளித்துக்கொண்டே வந்தார். பழைய கம்ப்யூட்டருக்கும் வருஷா வருஷம் தெளிப்பார்தான், ஆனால் அதற்குப் பெரிய பெட்டி, மேலே துணி. இது மல்லாந்து படுத்துக் கிடக்கிறது. புதுசுக்கு மரியாதை கூட வேண்டும் என்று மூன்று தரம் தெளித்தார். வைரவன் வாசலில் வேனுக்குப் பழம் வைத்துக்கொண்டிருந்தவன் பார்த்துவிட்டு "அப்பா அப்பா" என்று ஓடி வருவதற்குள் விசைகளுக்குள் மஞ்சள் தண்ணீர் இறங்கிவிட்டது.

சாமான் ஓய்வெடுக்கும் நாள். தொட்டுத் துடைக்கவும் முதலாளி விடவில்லை. "அம்பாள் தீர்த்தம். ஒண்ணும் ஆவாது."

அக்டோபர் 20, புதன்

ஆகிவிட்டது. திரை கறுப்பு. வைரவன் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கேஎல்-க்குப் போயிருக்கிறான். சாமான் வந்து மாற்ற நாளாகுமாம்.

ஐப்பசி பிறந்து பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. தானம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாமா என்று வாய்விட்டுக் கேட்டேன். "போட்டோ பேப்பர்ல வந்துருச்சும்மா" என்றார் முதலாளி. முகம் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்:

"சன்னாசிக்குப் போன் போடும்மா. தீபாவளி வரைக்கும் வந்து கையால எழுதிக் குடுக்கட்டும்."

அச்சகத்துப் போனிலேயே போட்டேன். பட்டறையில் யாரோ சீனர் எடுத்தார், கூப்பிட்டுவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"மொதலாளியா கூப்பிடச் சொன்னாரு?"

"ஆமா."

"நீ கூப்பிடலயா?"

முதலாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன சொல்வேன்? சுவரைப் பார்த்துக்கொண்டு "நானுந்தான்" என்றேன். பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வருவாரா? வரமாட்டார். வந்தால்?

அக்டோபர் 23, சனி

வந்துவிட்டார்.

தலை முன்பக்கம் வழுக்கை ஏறியிருக்கிறது. அத்தை சோறு போட்டார். பாதிச் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தார்: "சன்னாசின்னு பேரு வச்சேன் பாரு, என்னையச் சொல்லணும்." இவர் சிரித்தார்.

அக்டோபர் 25

இன்று மேஜையில் உட்கார்ந்தார். புதுத் தூரிகை, மை. முதல் தாளைக் கிழித்துப் போட்டார். இரண்டாவதையும். "கை மறந்துருச்சு" என்றார். சிங்கப்பூரில் எழுதுவதே இல்லையாம். மெஷின் வெட்டித் தரும் பிளாஸ்டிக் எழுத்தைப் போர்டில் ஒட்டுவது மட்டும்தான்.

மத்தியானத்துக்குமேல் எழுத்து வந்தது. ஆனால் நான் தினம் பார்த்துக்கொண்டிருந்த எழுத்து இல்லை. அது குண்டாக, துள்ளிக்கொண்டு இருக்கும். இது மெலிந்து, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. ழகரத்தின் வால் முன்பெல்லாம் நீளமாக ஓடும், இப்போது பாதியிலேயே நிற்கிறது.

நான்கு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது யாரை? கம்ப்யூட்டருக்குள் இருந்தவருக்கு வயதே ஆகவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவருக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது, வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

மாயாண்டியண்ணன் பாக்கி கொடுக்க வந்தவர் எட்டிப் பார்த்து, "அதான பாத்தேன், சன்னாசி வந்தாத்தான் கல்யாணக் களை வருது" என்றார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அக்டோபர் 28, வியாழன்

வைரவன் கேஎல்-இலிருந்து வந்தான். லேப்டாப் அடுத்த வாரம் தயாராகிவிடும். இவரிடம் கேட்டான்: "அண்ணே, அந்த எழுத்து மெக்குல சரியா வரல. திரும்ப எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்."

இவர் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "ஒரு வாட்டி எழுத்தக் குடுத்துட்டு வெளிய போனேன் தம்பி. இந்த வாட்டி எழுத்து வேணும்னா ஆளும் வேணும்."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் காது சிவந்திருந்தது. அவருக்குக் கோபம் காதில்தான்.

முதலாளி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இவர் டீ குடிக்கப் போனதும் என்னைக் கூப்பிட்டார். "எனக்கும் அவன் இருந்தா நல்லதுதாம்மா. ஆனா கேஎல் பையன் அந்தப் பழைய எழுத்தச் சரி பண்ணிட்டா எதுக்கு ஆளு? லேப்டாப் வரட்டும். எழுத்து வரலன்னா சன்னாசிய மாசச் சம்பளத்துக்கே வச்சுக்குறேன்."

தீபாவளிக்கு மறுநாள் பட்டறையில் ஆஜராக வேண்டும் இவர்.

அக்டோபர் 31, ஞாயிறு

முறுக்கு சுட்டோம். இவர்தான் மாவு பிழிந்து கொடுத்தார். போய்விடுவீர்களா என்று கேட்டேன். கேட்டே விட்டேன். "இங்க என்னா இருக்கு, சொல்லு. பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்து திங்கவா?" என்றார். அதான் நான் இருக்கேனே என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு. முறுக்கைத் திருப்பிப் போட்டேன்.

நவம்பர் 2, செவ்வாய்

லேப்டாப் வந்துவிட்டது. பையில் ஒரு டிஸ்கெட்.

"கூட்டாளி ஃபாண்டச் சரி பண்ணியிருக்கேன்னான். நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா, எனக்குத் தமிழ் அவ்வளவா வாசிக்க வராது."

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் போட்டுப் பார்த்தேன்.

முழுசாக வருகிறது. ஒரு கட்டம் கூட இல்லை. ங வருகிறது, ஞ வருகிறது, ழகரத்தின் நீள வால் வருகிறது. பஞ்சாலை என்று தட்டினேன். குண்டு குண்டாக, துள்ளிக்கொண்டு, என் பெயர். அவர் இளவயதில் என்னைக் கூப்பிட்ட மாதிரி.

எத்தனை மாதமாக இதற்குத் தவம் கிடந்தேன். இப்போது வந்து நிற்கிறது. வாசலில் இவர் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கண் அங்கே.

இது இருந்தால் இவர் வேண்டாம்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். எழுத்தைப் பெரிதாக்கி, திரை முழுக்க என் பெயரை வைத்துப் பார்த்தேன். பிறகு அழித்தேன். மெக்கில் இருந்ததையும், டிஸ்கெட்டில் இருந்ததையும், பழைய டிஸ்கெட்டில் இருந்ததையும்.

நவம்பர் 3

முதலாளி கேட்டார். வராது என்றேன். "எழுத்தெல்லாம் சிதறிப் போச்சு மொதலாளி. டிஸ்கெட்டும் போச்சு. இந்த மெஷினுக்கு அது ஒத்துக்காது." இவர் கையால் எழுதித் தந்தால் நான் ஸ்கேன் பண்ணி மெக்கில் கலர் கொடுத்துவிடலாம், பழைய எழுத்தைவிட நன்றாக இருக்கும் என்றேன். நேற்று வரை மெக்கைத் திட்டிக்கொண்டிருந்தவள் இன்று அதற்கு வக்காலத்து.

முதலாளி மேஜையைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "சரி, சன்னாசியக் கூப்பிடு" என்றார்.

நவம்பர் 7

தீபாவளி. எழுத நேரமில்லை.

நவம்பர் 15, திங்கள்

இனி வரவில்லை என்று இவர் பட்டறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். எனக்காக இருக்கிறாரா, சம்பளத்துக்காக இருக்கிறாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பொய் சொல்லிப் பிடித்து வைத்தவளுக்கு அதைக் கேட்க வாய் ஏது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது மட்டும் அது முள்ளாகக் குத்துகிறது.

இன்று காலை அச்சகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் இவர் எழுதிய பெயர்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. இவருக்குத்தான் கிட்டே, எடுத்தார். வைரவனின் கேஎல் கூட்டாளி.

"வைரவன் இல்லப்பா, நான் சன்னாசி... ஆமா, நாந்தான் எழுதுனது."

கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

"முழுசா வந்திருக்கணுமா? ஒவ்வொரு எழுத்தா நீயே அடிச்சுப் பாத்தியா? ஒண்ணுகூட விடாம?"

என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. இவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனிந்து என்ன? எல்லாம் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. அந்தப் பக்கம் அவன் ஹலோ ஹலோ என்பது எனக்கே கேட்டது.

"இல்லப்பா" என்றார் இவர். "இங்க வரல. நானும் பாத்தேன், வரவே இல்ல."

போனை வைத்தார். தூரிகையை மையில் தொட்டு, விளிம்பில் வழித்து, அடுத்த பத்திரிகையில் பெண் பெயர் என்ன என்று கேட்டார்.

வள்ளிநாயகி என்றேன்.